‘ஆன் ஆகலை’ன்னா எது ஆன் ஆகலை?

“கம்ப்யூட்டர் ஆன் ஆகலை.”

கோவில்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் சொன்னவர் என்ன பார்த்தார் என்பது இதிலிருந்து தெரியாது. பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லையா? ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறதா? ஃபேன் ஓடுது, படம் வரலையா? கம்பெனிப் பெயர் திரையில் வந்து அப்படியே நிற்கிறதா? விண்டோஸ் பாதி தூரம் வந்து நீலத்திரை ஆகிறதா? ஐந்தும் ஐந்து வியாதி. மருந்தும் வேறு வேறு. அதனால் யார் இப்படிச் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எதுவரைக்கும் ஆச்சு?”

இந்தக் கேள்விக்குப் பணமதிப்பு உண்டு. சர்வீஸுக்குப் போகும் பழைய டெஸ்க்டாப் பலவற்றுக்கும் கிடைக்கிற தீர்ப்பு, “போர்டு போயிருச்சு.” ஏழெட்டு வருசப் பெட்டிக்கு அதே வகை மதர்போர்டு புதிதாகக் கிடைப்பது கஷ்டம். வேறு போர்டு போட்டால் பழைய பிராசஸர் அதில் உட்காராது, பழைய ரேமும் பொருந்தாமல் போகலாம். ஆக, “போர்டு போயிருச்சு” என்றால் “புதுசு வாங்குங்க” என்று அர்த்தம். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் சீட்டுப் போட்டு, பிள்ளையின் படிப்புக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டி அது என்றால், அந்த இரண்டு வார்த்தை ஒரு வீட்டின் சில மாதச் சேமிப்பு. சரியான தீர்ப்பாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அளந்து பார்க்காமல் சொன்ன தீர்ப்பாக இருந்தால்?

அதனால்தான் இந்தக் குறிப்பு. வரிசையாகப் பார்த்தால் எங்கே நின்றது என்று கண்டுபிடித்துவிடலாம். நம்ம ஊரில் அந்த வரிசை பெட்டிக்கு வெளியே, சுவரிலும் மண்ணிலும் தொடங்குகிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது.

ஆன் ஆவது என்றால் என்ன நடக்கிறது?

சுவர் சுவிட்சைப் போட்டதுமே கம்ப்யூட்டரின் ஒரு சின்னப் பகுதி விழித்துவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை, 5 வோல்ட்டை மட்டும் மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். பெட்டி அணைந்திருக்கும்போதும் சில மவுஸ்களின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிவது இதனால்தான்.

முன்பக்கப் பட்டன் கரண்ட்டை நேரடியாகத் திறக்கும் சுவிட்ச் கிடையாது. காலிங் பெல் பட்டன் மாதிரி, “எழுந்திரு” என்று போர்டுக்குச் சொல்லும் ஒரு சைகை, அவ்வளவுதான். போர்டு அதைக் கேட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் போகும் பச்சை ஒயரைப் பூஜ்யத்துக்கு இழுக்கிறது. உடனே எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் என்று மூன்று முக்கிய வரிசைகளையும் எழுப்புகிறது. மூன்றும் நிலைப்பட்டதும், சில நூறு மில்லி செகண்டுக்குள், “எல்லாம் சரி” என்று சாம்பல் நிற ஒயர் வழியே பதில் சொல்கிறது. அந்தப் பதில் வந்த பிறகுதான் பிராசஸர் தன் முதல் கட்டளையைப் படிக்கும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பிலிருந்து சாதாரண டெஸ்க்டாப்களில் இதுதான் நடைமுறை.

அடுத்து பயாஸ். ரேம் இருக்கா, கீபோர்டு இருக்கா, படம் காட்ட வழி இருக்கா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். திரையில் எழுத்து வரும். கடைசியாக ஹார்ட் டிஸ்க்கைத் தேடி விண்டோஸை எழுப்பும்.

சுவர், ஸ்டாண்ட்பை, பட்டன், மூன்று வோல்ட்டேஜ், பயாஸ், ரேம், படம், டிஸ்க். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. திரையில் கம்பெனிப் பெயர் வருகிறது என்றால் ஏழு படி தாண்டியாகிவிட்டது. பிறகு எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதல் படி சுவரில் இருக்கிறது

யுபிஎஸ், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, பெட்டியை நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பாருங்கள். இந்த ஒரு வேலையிலேயே ஒரு பகுதிப் புகார்கள் முடிந்துவிடும். யுபிஎஸ் பேட்டரி செத்து, யுபிஎஸ்ஸே எழும்பாமல் கிடக்கும். பழி கம்ப்யூட்டர் மேல் விழும். 2012 வாக்கில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் பகலும் இரவுமாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதைத்தான் அதிகம் பார்த்தோம். ஈய-அமில பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறாமல் பாதியிலேயே கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் இறுகிப்போகும். கரண்ட் வந்து போய், வந்து போய், பேட்டரி தன் ஆயுளைப் பாதியில் முடித்துக்கொள்ளும்.

சுவரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்ப்பது போதாது. டெஸ்டர் எரிந்தால் அங்கே ஏதோ வோல்ட்டேஜ் இருக்கிறது என்று மட்டும் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. நியூட்ரல் சரியா என்று சுத்தமாகத் தெரியாது. மல்டிமீட்டர் வேண்டும். மீட்டரை ஏ.சி. வோல்ட்டேஜில் வைத்து மூன்று அளவு எடுக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீசியனை விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அக்கம்பக்கம் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சில வோல்ட்தான் இருக்கலாம். மூன்றாவது அளவு 40, 60 என்று காட்டினால் நியூட்ரலிலோ எர்த்திலோ கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும்.

நியூட்ரல் ஏன் இவ்வளவு முக்கியம்? தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230. இரண்டு பேஸுக்கு நடுவே 400. நியூட்ரல் ஒயர் எங்காவது விட்டுப்போனால், வேறு வேறு பேஸில் இருக்கும் சாமான்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த 400 வோல்ட்டில் தொங்க ஆரம்பிக்கும். பங்கீடு நியாயமாக இருக்காது. குறைந்த கரண்ட் எடுக்கும் பக்கத்துக்கு அதிக வோல்ட்டேஜ் போய்ச்சேரும். கம்ப்யூட்டர் குறைந்த கரண்ட் எடுக்கும் சாமான்.

ஒரு நெட் சென்டர், மூன்று எஸ்.எம்.பி.எஸ்.

கோவில்பட்டியில் ஒரு நெட் சென்டர். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். தேர்வுக்கும் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட வருகிற கூட்டம்தான் வியாபாரம். கடைசித் தேதி அன்றைக்குப் பெட்டி ஓடலைன்னா, நட்டம் கடைக்காரருக்கு மட்டும் இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கும்தான். அங்கே ஒரே வருசத்தில் மூன்று எஸ்.எம்.பி.எஸ். போனது. ஒவ்வொரு தடவையும் புதிது மாற்றினார்கள், ஓடியது, சில மாதத்தில் மறுபடி போனது. “டூப்ளிகேட் மாலு தம்பி, எல்லாமே” என்றார் கடைக்கார அண்ணாச்சி. மூன்றும் மூன்று கம்பெனி. மூன்றுமே டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் செத்த மூன்றும் ஒரே சுவர் ஓரத்தில் இருந்த பெட்டிகள்.

பிளக்கில் மீட்டரை வைத்தால் 232. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணாச்சி அந்த நேரம் ஒருவருக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனார். மெஷின் சூடேற ஆரம்பித்ததும் அந்தச் சுவர் ஓர டியூப்லைட் கொஞ்சம் பிரகாசமானது. மீட்டர் 260-ஐத் தாண்டியது.

இது தலைகீழான சங்கதி. பெரிய சாமான் ஓட ஆரம்பித்தால் விளக்கு மங்கத்தானே வேண்டும்? கிரைண்டர் போட்டால் லைட் இறங்குவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். ஒரு பக்கம் சுமை கூடும்போது இன்னொரு பக்கம் வெளிச்சம் கூடுகிறது என்றால், இரண்டும் வேறு வேறு பேஸ், நடுவில் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. “அண்ணாச்சி, மெயினை இறக்குங்க, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க” என்றேன். மெயின் போர்டைத் திறந்தால், நியூட்ரல் இணைப்பில் அலுமினிய ஒயர் கருகி, திருகு விரலாலேயே ஆடியது. அலுமினியம் திருகின் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி இடம் கொடுக்கும். மேலே ஆக்ஸைடு படியும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பிடி விட்டுப்போகும். ஒயர் முனையை வெட்டி, லக் போட்டு, புது இணைப்பில் இறுக்கினார்கள். அதன்பிறகு ஜெராக்ஸ் ஓடினாலும் மீட்டர் அசையவில்லை. அந்தச் சுவர் ஓரத்தில் மறுபடி எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேலையும் வரவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் வாரிஸ்டர் என்று ஒரு சின்ன வட்டு இருக்கும். வோல்ட்டேஜ் எல்லை மீறினால் அது தானே ஷார்ட் ஆகி ஃபியூஸை எரிக்கும். அதாவது அந்த மூன்று எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டையும் டிஸ்க்கையும் காப்பாற்றிவிட்டுச் செத்திருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் மாற்றிய பாகம், அடுத்துச் சாகப்போகிற பாகம்.

வீட்டில் சில விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் ஒரே நேரத்தில் எரிந்தால் கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

சுர்ருங்குதே, அது என்ன?

“கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது.” இதுவும் அடிக்கடி கேட்பது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து கேபினெட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு. எர்த் சரியாக இருந்தால் அதன் வழியே வரும் சொற்பக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் நடுவில் மிதக்கும். 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கும், ஆளை அடிக்காது. ஆனால் உள்ளே ஒயர் உரசி நிஜமாகவே பேஸ் கேபினெட்டில் இறங்கியிருந்தாலும் டெஸ்டர் இதே மாதிரிதான் எரியும். தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால் “சும்மா கசிவுதான்” என்று விடக்கூடாது.

எர்த் இல்லாத பெட்டியில் பிரிண்டர் ஒயரையோ மானிட்டர் ஒயரையோ ஓடும்போதே சொருகினால் சின்னதாகப் பொறி பறக்கும். அந்த மிதக்கும் வோல்ட்டேஜ் போர்ட் வழியே போர்டுக்குள் நுழைந்தால் போர்ட் போகலாம், சில சமயம் போர்டே போகலாம்.

இங்கேதான் நம்ம மண் வருகிறது. கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை அதிகம். தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வெயில் காலத்தில் காட்டில் கை நுழைகிற அளவு வெடிப்பு விடுவதைப் பார்க்காதவர்கள் இங்கே கிடையாது. ஈரமாக இருக்கும்போது இந்த மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எர்த் குழி நிரப்ப மூட்டை மூட்டையாக விற்கும் பென்டோனைட்டும் அடிப்படையில் இதே களிமண் குடும்பம்தான். அந்த வகையில் நமக்குக் கொடுப்பினைதான். ஆனால் இங்கே மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டியே பெய்கிறது. மாசி தாண்டினால் மண் காய்ந்து, எர்த் குழாயை விட்டு விலகி நிற்கும். குழாய் மண்ணுக்குள்தான் இருக்கும், மண் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்காது. கார்த்திகையில் நன்றாக இருந்த எர்த் சித்திரையில் பேருக்கு மட்டும் இருக்கும். “மழைக்காலத்துல சுர்ருங்கலையே, இப்பத்தான் இப்படி” என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திறக்கும் முன் எர்த் குழியைப் பாருங்கள். பல வீட்டில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சிமெண்ட் பூசி மூடியிருப்பார்கள்.

குழாய் எர்த் என்றால் சுமார் இரண்டரை மீட்டர் ஆழம் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். மேல் மண் வெடித்தாலும் அடிமண்ணில் ஈரம் இருக்கும். வருசா வருசம் உப்பைக் கொட்டினால் போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உப்பு கொஞ்ச காலம் கைகொடுக்கும், கூடவே இரும்புக் குழாயையும் அரிக்கும். தண்ணீர்தான் நிஜ மருந்து. தாமிரபரணித் தண்ணீரைச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் கொண்டுவந்து குடிக்கும் ஊரில், எர்த்துக்குக் குடிதண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர், கை கால் கழுவிய தண்ணீர் அந்தக் குழி பக்கம் போகிற மாதிரி ஒரு வாய்க்கால் விட்டால் போதும்.

பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவைத்து எர்த் சோதிக்கும் பழக்கம் எலக்ட்ரீசியன்களிடம் உண்டு. நீங்கள் செய்ய வேண்டாம். எர்த் அறுந்திருந்தால், அந்தச் சோதனை நேரத்தில் வீட்டிலுள்ள எல்லா எர்த் உலோகத்திலும் பேஸ் ஏறும். அந்த நொடி யாராவது ஃபிரிட்ஜைத் தொட்டால் ஆபத்து.

பெட்டிக்குள் போவோம்

சுவர் சரி. ஆனாலும் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா பாருங்கள். கூட்டிப் பெருக்கும்போது தட்டுப்பட்டு ஆஃப் ஆகிக் கிடப்பது உண்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்லைடும் இருக்கும். அதை 115 பக்கம் தள்ளி நம்ம கரண்ட்டில் சொருகினால் ஒரே டமார்தான்.

அடுத்து ஸ்டாண்ட்பை. போர்டுக்குப் போகும் 24 பின் இணைப்பின் பின்புறம் ஊதா ஒயரில் டி.சி. அளவு எடுத்தால் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒயர் எல்லாமே கறுப்பாக இருக்கும் புது வகை என்றால் 9-ஆவது பின். இது இல்லையென்றால் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் கேட்க ஆள் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கலாம், அல்லது போர்டில் ஷார்ட். போர்டிலிருந்து இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். இப்போது 5 வருகிறது என்றால் போர்டில் ஷார்ட் என்ற சந்தேகம் வலுக்கும், ஆனால் எஸ்.எம்.பி.எஸ். மேல் தப்பே இல்லை என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

ஊதாவில் 5 வருகிறது, ஆனாலும் எழும்பவில்லையா? பட்டனைச் சந்தேகப்படுங்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் போர்டில் இரண்டு பின்னுக்குப் போகும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டுவிடுங்கள். எழுந்துகொண்டால் கெட்டது பட்டன் மட்டுமே. ‘போர்டு போயிருச்சு’ என்று திரும்பி வந்த பெட்டி இந்த ஒரு நொடியில் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க, அதைப் பெட்டியிலிருந்து முழுக்க விடுவித்து, பச்சை ஒயரையும் (16-ஆவது பின்) ஒரு கறுப்பு ஒயரையும் சின்னக் கம்பியால் இணைப்பார்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நல்லா இருக்கு என்று அர்த்தம் இல்லை. சுமை இல்லாமல் 12 வோல்ட் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் சரிகிற எஸ்.எம்.பி.எஸ். நிறைய உண்டு. அதனால் பெட்டியில் மாட்டி ஓடும்போது மஞ்சள் ஒயரில் 11.4-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 230-இன் உச்ச அளவான 325 வோல்ட் டி.சி. தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். பல்லி நுழைந்து ஷார்ட் ஆகிச் செத்துக் கிடப்பதும் அநேகமாக அதற்குள்ளேதான்.

“காலையில ஆன் ஆகாது, பிளக்கைப் போட்டு அரை மணி விட்டா ஆகும்” என்று ஒரு வகை உண்டு. மார்கழியில் இது கூடும். ஸ்டாண்ட்பை சுற்றில் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர், சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கிற வரை 24 மணி நேரமும் வேலை செய்கிறது. முதலில் கிழடாவது அதுதான். உள்ளிருக்கும் திரவம் வற்ற வற்ற உள்தடை கூடும். குளிர்ந்தால் இன்னும் கூடும். கொஞ்சம் சூடேறியதும் தாற்காலிகமாகச் சரியாகும். பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. நம்ம ஊர் வெயிலில், காற்றுத் துளையெல்லாம் கரிசல் புழுதி அடைத்த பெட்டிக்குள் கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். மதர்போர்டிலும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் அதுதான் குற்றவாளி. 2000-களின் தொடக்கத்தில் தரம் கெட்ட திரவம் ஊற்றிய கெப்பாசிட்டர்களால் உலகம் முழுக்க போர்டுகள் செத்தன. மாற்றுவதற்குச் சில ரூபாய்ப் பொருளும், சால்டரிங் தெரிந்த கையும் போதும்.

ஃபேன் ஓடுது, படம் இல்லை

கீபோர்டில் நம் லாக்கை அமுக்கிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் பயாஸ் உயிரோடு இருக்கிறது. மானிட்டர், ஒயர், அல்லது ஒயர் சொருகிய இடம் தப்பு. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் பெட்டியில் போர்டின் போர்ட்டில் சொருகினால் படம் வராமல் போகலாம்.

விளக்கு அசையவில்லை என்றால் ரேம். பிளக்கைப் பிடுங்கி, பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரண்ட்டை வடித்துவிட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ‘டக்’ என்று இரண்டு பக்கமும் பூட்டும்வரை அழுத்திச் சொருகுங்கள். ஆடி மாசத்தில், பக்கத்துக் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, நம்ம வீட்டுக்குள் புழுதியையும் கொண்டுவருகிறது. மாவு மாதிரி நைஸான களிமண் தூசி. காய்ந்திருக்கும்போது பெட்டியைச் சூடாக்கும். ஐப்பசி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் இணைப்புகளைக் கெடுக்கும். மழை தொடங்கும் முன் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு தடவை சுத்தம் செய்வது நல்ல பழக்கம். ஊதும்போது ஃபேனைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரேமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்ப்பது ஒரு நல்ல சோதனை. சின்ன ஸ்பீக்கர் உள்ள போர்டு என்றால் பீப் பீப் என்று கத்தும். கத்தினால் சந்தோசப்படுங்கள். கத்துவதற்குப் பிராசஸர் வேலை செய்ய வேண்டும், பயாஸ் படிக்கப்பட வேண்டும். போர்டு போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஸ்பீக்கர் இல்லாத புது போர்டுகள் சிலவற்றில் நான்கு குட்டி விளக்கு இருக்கும். எந்த விளக்கில் நிற்கிறதோ அங்கே கோளாறு.

பீப்பும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் போர்டு, பிராசஸர், ரேம் ஒன்று இவற்றை மட்டும் வைத்து, டிஸ்க், கார்டு, யு.எஸ்.பி. எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஐப்பசி இடிக்குப் பிறகு நின்ற பெட்டி என்றால் நெட் ஒயர் சொருகும் இடத்தை முதலில் சந்தேகப்படுங்கள். இடி கரண்ட் லைனில் மட்டும் வருவதில்லை. இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் எழவில்லை, நல்லது என்று தெரிந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ரேமும் மாட்டியும் எழவில்லை என்றால், அப்போது “போர்டு போயிருச்சு” என்பது தீர்ப்பு. அதுவரை அது ஊகம்.

டிஸ்க்கில் நின்றால்

கம்பெனிப் பெயர் வந்து, விண்டோஸ் வரவில்லை, டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. இங்கே ஒரே ஒரு கேள்வி: உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கா? இருக்கிறது என்றால் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தின்னும். “ஃபார்மட் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டி நகல் எடுக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். திரும்ப வாங்கலாம். கல்யாண போட்டோவும் பிள்ளையின் ப்ராஜெக்ட்டும் கடையில் கிடைக்காது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்று இல்லை. மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். எதுவரைக்கும் ஆன் ஆகுது? ஊதாவிலும் மஞ்சளிலும் எவ்வளவு வோல்ட் வந்துச்சு? எதை மாத்திப் பார்த்தப்ப ஓடுச்சு? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சொல்லப்போனால் அவருக்கே பிடிக்கும். என்ன செய்தோம் என்று யாராவது கேட்பது அபூர்வம்தானே.

பதிலை ஒரு பேப்பரில் தேதியோடு எழுதி, கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள். எந்த மாதம் போச்சு, எது மாத்தினோம், அன்னைக்கு சுவரில் எத்தனை வோல்ட். நாலு வருசம் கழித்து அந்தப் பேப்பரில் எல்லாத் தேதியும் சித்திரை வைகாசியாகவே இருந்தால், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொல்லைப்புறத்தில், சிமெண்ட் பூசி மூடிய அந்தக் குழி.